ஆக்னஸ் தலையில் முதல் ரகம்

இருட்டிய பிறகு எங்கள் சந்தில் கம்பி இழுபடும் சத்தம் கேட்டால் யாரோ பழைய ஒயர் யார்டுக்குள் புகுந்து செம்பு திருடுகிறார்கள் என்று அர்த்தம். அதனால் அன்றைக்கு, சிமென்ட் தரையில் மெல்லிய கம்பியை இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுப்பது போல ஒரு சத்தம் எழுந்ததும், என் கணவர் முனிரத்தினம் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இரும்புக் குழாயோடு வெளியே பாய்ந்தார், அவருக்கு முன்பே எதிர்வீட்டுக்காரர்கள் பாய்ந்திருந்தார்கள், அவர்களுக்கு முன்பே நாய்கள் பாய்ந்திருந்தன, எல்லோரும் போய்ப் பார்த்தால் யார்டின் தகரக் கதவு பூட்டியது பூட்டியபடி இருந்தது. சந்தின் நடுவில் நின்று மூச்சை அடக்கிக் காது கொடுத்தார்கள். சத்தம் எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அன்று காலையில் தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்த என் குழந்தை ஆக்னஸ், ஊசி ஜுரத்தில் உடம்பு அனலாய்க் கொதிக்க, என் பழைய புடவையில் கட்டிய தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் வரை பூனைமயிராக இருந்த அவள் தலைமுடி தூளியின் விளிம்பைத் தாண்டி வழிந்து, தரையைத் தொட்டு, தூளி ஆடும்போதெல்லாம் சிமென்டை உரசிக்கொண்டிருந்தது. மஞ்சள் பல்பின் வெளிச்சத்தில் அது சிவப்பாய் மின்னியது. அது செம்பு.

சந்து முழுவதும் எங்கள் ஒற்றை அறைக்குள் வந்து நின்றது. நான் குழந்தையைத் தூக்கி மார்போடு சேர்த்துக்கொண்டேன், கம்பிகள் என் கழுத்தில் குளிர்ந்தன. எல்லோரும் ஒதுங்கி ஒருவருக்கு மட்டும் வழிவிட்டார்கள், என் கணவரின் அக்கா கோவிந்தம்மாளுக்கு. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய் தகப்பன் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர், யார்டில் ரகம் பிரிப்பவர், புருஷன் போன பிறகு தாலி தொங்கிய இடத்தில் ஒரு காந்தத்தைக் கறுப்புக் கயிற்றில் கோத்துப் போட்டிருப்பவர். அவர் குனிந்து முதலில் காந்தத்தைக் குழந்தையின் தலைமேல் காட்டினார், ஒட்டவில்லை, இரும்பு இல்லை. பிறகு ஒரு இழையை நகத்தால் தனியே பிரித்துப் பிளேடால் லேசாகச் சுரண்டினார், உள்ளே வெள்ளை தெரியவில்லை, செம்பு முலாம் பூசிய அலுமினியம் இல்லை. பிறகு வளைத்தார், அது சொன்னபடி வளைந்தது. பிறகு வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

“முதல் ரகம்,” என்றார்.

எல்லோரும் மூச்சு விட்டார்கள். யாராவது ஏன் என்று கேட்பார்கள், எப்படி என்று கேட்பார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யாரும் கேட்கவில்லை. எங்கள் சந்தின் வழக்கம் அப்படி: யார்டுக்கு வரும் கம்பி எங்கிருந்து வந்தது, யார் வீட்டு மோட்டாரிலிருந்து உருவியது, எந்தக் கம்பத்திலிருந்து இறங்கியது என்று ஒருவரும் கேட்பதில்லை, கேட்டால் தொழில் நடக்காது, கேள்வி ஒன்றே ஒன்றுதான், இது என்ன ரகம். அதைக் கேட்டு பதிலும் வாங்கியாகிவிட்டது என்பதால் ஆண்கள் பீடி பற்றவைத்துக்கொண்டு கலைந்தார்கள், நாய்களும் படுத்துக்கொண்டன, பெண்கள் மட்டும் நின்று குழந்தையைக் கொஞ்சினார்கள்.

“கான்வென்ட்டு, உன் பொண்ணுக்கு நீ சீர் செய்யவே வேணாம்டி, தலையிலயே கொண்டாந்துட்டா,” என்றாள் டில்லிபாய். கான்வென்ட்டில் வளர்ந்தவள் என்பதால் சந்தில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். எனக்கு வலி கண்டபோது பிரசவ வார்டு வாசல்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள்.

“கரண்டு கம்பத்துகிட்ட மட்டும் வெளையாட வுடாத. ஈபிகாரன் பாத்தா கனெக்‌சன் குடுத்துட்டுப் போயிடுவான்,” என்றாள் இன்னொருத்தி, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன், பயத்தில் என் வாய் அப்படிக் கோணிக்கொள்ளும்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் கம்பிகளை விரலால் விலக்கி மண்டைத்தோலைப் பார்த்துவிட்டு, எண்ணெய் தேய்க்காதீங்க, பச்சை பிடிக்கும் என்று சொல்லி ஒரு சத்து மருந்து எழுதிக் கொடுத்தார். மாதா கோயிலில் ஃபாதர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, பிள்ளைகளை ஆண்டவர் பலவிதமாய் அலங்கரிக்கிறார் என்றார். நான் படித்து வளர்ந்த கான்வென்ட்டின் நடையில் புனித ஆக்னஸின் படம் ஒன்று மாட்டியிருக்கும், பொல்லாதவர்கள் அவளை மானபங்கப்படுத்த வந்தபோது அவள் கூந்தல் ஒரே நொடியில் பாதம்வரை வளர்ந்து அவளை மூடிக் காப்பாற்றியது என்று சிஸ்டர் சொல்வார், அந்தப் படத்தை நினைத்துத்தான் குழந்தைக்கு அந்தப் பெயரை வைத்தேன். ஆனால் எங்கள் சந்தில் ஒரு கூந்தல் வளர்ந்தால் அது யாரையும் மூடாது என்பதை சிஸ்டர் சொல்லித்தரவில்லை.

சந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். வடசென்னையில் ரயில் பாதைக்கும் கழிவுநீர்க் கால்வாய்க்கும் நடுவில் இருக்கிற இந்தச் சந்துக்கு வாய் ஒன்றுதான், அந்த வாயில்தான் யார்டு இருக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பழைய ஒயர்களின் பிளாஸ்டிக் தோலைக் கீறி உரித்துச் செம்பை எடுப்பார்கள், எடுத்ததை அண்ணி பிரிப்பார்: தடித்து, சுத்தமாக, புது மணப்பெண் மாதிரி மின்னினால் முதல் ரகம்; மங்கி, விறைத்து, கறுத்துப் போயிருந்தால் இரண்டாம் ரகம்; பொறுமையில்லாதவர்கள் கால்வாய்க் கரையில் தோலோடு கொளுத்திக் கொண்டுவருவது எரிச்ச ரகம், அதை அண்ணி காலால் தள்ளுவார். நான் காதலித்து ஓடிவந்த புதிதில், கையில் ஒரு கம்பியைக் கொடுத்து, “முறுக்கு,” என்றார். முறுக்கினேன். “இன்னும் முறுக்கு.” முறுக்க முறுக்க அது என் விரலோடு சண்டை போட்டது. “பாத்தியா, செம்ப முறுக்கினா இறுகும். தணல்ல காட்டு, மறுபடி கொழந்த மாதிரி இளகிடும். இங்கிலீஷ்ல இதெல்லாம் சொல்லித் தந்தாங்களா?” என்று கேட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்பில் அன்று பிரியம்தான் இருந்தது.

ஆக்னஸின் தலையில் செம்பு வந்த வருஷம், ஊருக்கு வெளியே ஒரு பெரிய கம்பெனி ஒரு மிஷினை இறக்கியது, ஒயரை அப்படியே தின்று ஒரு பக்கம் பிளாஸ்டிக்கையும் மறுபக்கம் செம்பையும் துப்பும் மிஷின், அதன் வாய்க்கே எல்லா லாரிகளும் போகத் தொடங்கின. பெண்களின் வரிசை பாதியானது. கூலி வாராவாரம் கிடைத்தது போய், கிடைத்த வாரத்தில் கிடைத்தது. யார்டு முதலாளி ஜெகதீசன் நல்ல மனுஷர், பெண்களின் முகத்தைப் பார்க்க முடியாமல் தெருப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு நாள் அண்ணி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “முடி கண்ணுல குத்துதுடி, வெட்டி வுட்றேன்,” என்றார். கண்ணில் குத்தத்தான் செய்தது. கற்பூரம் ஏற்றினார்கள், திருஷ்டி சுற்றினார்கள், டில்லிபாய் பாட்டுப் பாடினாள், கட்டிங் பிளேயரின் சத்தத்துக்குக் குழந்தை சிரித்தாள். வெட்டியதைத் தனிச் சாக்கில் போட்டு யார்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த வாரம் வரிசையில் உட்கார்ந்த எல்லாப் பெண்களுக்கும் கூலி கிடைத்தது. கொஞ்ச நாளில் எங்கள் வீட்டு ஓட்டைக் கூரைக்குப் புதுத் தகரம் வந்தது.

ஆனால் மறுபடி வளர்ந்த முடியைச் சுரண்டிப் பார்த்த அண்ணியின் முகம் சுருங்கியது. குழந்தை தவழ்ந்தாள், தின்றாள், கொழுகொழுவென்று இருந்தாள், அவள் தலையில் முடி மெதுவாக, மங்கலாக, விறைப்பாக வளர்ந்தது. “ரெண்டாம் ரகம்,” என்றார் அண்ணி, ஏதோ நான் சோறு குழைய விட்டுவிட்டது போல. அடுத்த தடுப்பூசிக்கு வந்த ஜுரத்தில் ஒரே இரவில் இடுப்புவரை வளர்ந்தது, விடிந்து பார்த்தால் கண் கூசும் சிவப்பு, விரலில் சுற்றினால் பட்டு நூல் மாதிரி சுற்றிக்கொண்டது. தணலில் காட்டினால் செம்பு இளகும் என்பது அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான், யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை ஒவ்வொன்றும் சின்னச் சின்னதாக, அன்பாக நடந்தன. ஒருத்தி குழந்தைக்கு ஐஸ்ஃப்ரூட் வாங்கிக் கொடுத்தாள். ஒருத்தி பொழுது சாய்ந்த நேரத்தில் தலைக்கு ஊற்றினாள், பிள்ளை அழுக்காக இருந்தாளாம். யாரோ எங்கள் ஜன்னல் அட்டையைக் கழற்றிவிட்டார்கள், காற்று வரட்டும் என்று. மழையில் விளையாடிய மற்ற பிள்ளைகளை அடித்து உள்ளே இழுத்த தாய்மார்கள் ஆக்னஸை மட்டும், “ஆசையா நனையுது, வுடேன்,” என்று விட்டார்கள். ஜுரம் வந்தால் எல்லோரும் பார்க்க வந்தார்கள், கைநிறைய பிஸ்கட்டோடு வந்தார்கள், நெற்றியைத் தொட்டுப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள், “ஒரு ராத்திரி பொறுத்துப் பாப்போம், ஊசி கீசி எதுக்கு,” என்று சொல்லிவிட்டு, போகும்போது அவள் முடியை விரல்களுக்கு நடுவில் வைத்து ஒருமுறை உருவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அலமாரியில் நான் வைத்திருந்த ஜுர மருந்து காணாமல் போனது. முனையிலிருந்த மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரரின் மனைவி யார்டில் வரிசையில் உட்காருகிறவள். “ஸ்டாக் இல்லம்மா,” என்றார் அவர். அவர் தலைக்குப் பின்னால் அதே மருந்து அடுக்கி வைத்திருந்தது, நான் அதைப் பார்ப்பதை அவரும் பார்த்தார், ஆனாலும் நகராமல் நின்றார்.

ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஆக்னஸ் வெளுத்தாள். உதட்டின் சிவப்பு போனது, நகங்கள் காகிதமாயின, இரண்டு வயதில் ஓட வேண்டியவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஒரு நாள் அவளைத் தூக்கிக்கொண்டு யார்டுக்குப் போனேன், பெண்கள் எல்லோரும் பார்க்க, செம்பு நிறுக்கும் தராசில் அவளை உட்காரவைத்தேன்.

“இன்னா கான்வென்ட்டு, விக்கிறியா?” என்றாள் ஒருத்தி. சிரிப்பு எழுந்தது.

“அண்ணி, நீங்களே படிச்சுச் சொல்லுங்க. போன ஆடியில இதே தராசுல விளையாட்டுக்கு நிறுத்தீங்களே, இப்ப எவ்ளோ காட்டுது?”

அந்தத் தராசின் மேல் அண்ணி சத்தியம் செய்வார், முதலாளிகளே வந்தாலும் அது காட்டாததை அவர் சொன்னதில்லை. முள்ளைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். வரிசையில் பிளேடுகள் ஓய்ந்தன. ஆக்னஸ் தட்டில் உட்கார்ந்து, தொங்கும் சங்கிலியைத் தட்டி விளையாடினாள்.

“தராசு சரியில்ல,” என்றார் அண்ணி. வாழ்நாளில் முதல்முறையாக அப்படிச் சொன்னார், சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். பிளேடுகள் மறுபடி ஓடத் தொடங்கின.

நான் ஓடிப்போகவும் பார்த்தேன். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, சந்தின் வாயைத் தாண்டி, பஸ் ஸ்டாப்வரை போனேன். பஸ் வருவதற்கு முன்னால் அவர்கள் வந்தார்கள், டில்லிபாயும் மற்றவர்களும், கோபமே இல்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்து, கொண்டுவந்த இட்லியைப் பிட்டுக் குழந்தைக்கு ஊட்டி, “புருசன் பொண்டாட்டி சண்டையா? எந்த ஊட்ல இல்ல?” என்று பேசிப் பேசி, சிரிக்கச் சிரிக்க என்னைத் திரும்ப நடத்திக்கொண்டு வந்தார்கள். போய்ச் சேர எனக்கும் இடமில்லை. வேறு மதத்துக்காரரோடு ஓடியவள் என்று கான்வென்ட்டில் என் பெயரை உச்சரிப்பதை நிறுத்தியிருந்தார்கள், கான்வென்ட்டுக்கு முன்னால் எனக்கு வீடு என்று எதுவும் இருந்ததில்லை.

பிறகு செம்பின் தரத்தைக் கெடுத்தால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து இரவு முழுவதும் அவள் தலையில் சுற்றிவைத்தேன். காலையில் முடி முழுவதும் களிம்பேறி, குளத்துப் பாசி மாதிரி பச்சையாய் நின்றது. அண்ணி வந்து பார்த்தார். வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் புளியைக் கரைத்துக்கொண்டு வந்து, குழந்தையை மடியில் கிடத்தி, இழை இழையாகத் தேய்த்துக் கழுவினார், களிம்பு ஓடிப்போய்ச் சிவப்பு வந்தது.

“அண்ணி, அவ செத்துருவா.”

“செத்துருவாளா? நான் வுட்ருவனா?” தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னார். “என் தம்பி ரத்தம்டி இது. எனக்கு இல்லாத பாசம் உனக்கா? ஆனா அந்த வரிசையில உக்காந்துனுகீறவங்க ஊட்ல ஒல வைக்கணும். நீயே சொல்லு, யார எந்திரிச்சுப் போன்னு சொல்லட்டும்? டில்லிபாயயா? உன் பிரசவத்துக்குக் கூட வந்தாளே, அவளயா? பேர சொல்லு, நாளைக்கே அனுப்பிட்றேன்.”

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. அவர் குழந்தையின் தலையைத் துவட்டி, உச்சியில் முத்தம் கொடுத்தார். கம்பி குத்தி அவர் உதட்டில் ஒரு பொட்டு ரத்தம் வந்தது, அதைத் துடைத்துக்கொண்டு போனார்.

கார்த்திகை மாதம் முழுவதும் ஆக்னஸுக்கு ஒன்றும் வரவில்லை. எப்படி என்று எனக்கே தெரியாது. மடியிலேயே வைத்திருந்தேன், கொதிக்கவைத்த தண்ணீரும் நானே பொங்கிய சோறும் தவிர எதையும் கொடுக்கவில்லை, யார் கொடுத்ததையும் நானே வாங்கி நானே தின்றேன். அவள் உதட்டில் கொஞ்சம் ரத்தம் ஊறியது. சுவரை விட்டுவிட்டு நடந்தாள். முடி மங்கலாக, விறைப்பாக, இரண்டாம் ரகமாக இடுப்பைத் தொட்டது, இரண்டாம் ரகத்தை வெட்டி என்ன செய்வது என்று யாரும் தொடவில்லை. எதிர்வீட்டுப் பெண்பிள்ளை ரிப்பன் கட்டிய இரட்டை ஜடையோடு பள்ளிக்கூடம் போவதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, “ம்மா, பாப்பாக்கு ஜடை?” என்று கேட்டாள். அதுவரை பின்னும் அளவுக்கு முடி அவள் தலையில் தங்கியதே இல்லை.

மார்கழியில், பொங்கலுக்கு முன்னால் பெரிய வியாபாரி ஒருவரின் லாரி வரப்போகிறது என்றார்கள். யார்டில் சேர்ந்திருக்கும் சரக்கோடு நல்ல முதல் ரகம் இன்னும் ஒரு சாக்கு இருந்தால் அவர் வருஷம் முழுவதும் எடுத்துக்கொள்வாராம், இல்லையென்றால் அவரும் மிஷின்காரர்களிடம் போய்விடுவாராம். முதலாளி அதை அண்ணியிடம் சொன்னார், அண்ணி பெண்களிடம் சொன்னார், பெண்கள் வீட்டில் சொன்னார்கள், என்னிடம் மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அது என் கணவரின் முகத்தைப் பார்த்துத் தெரிந்தது. அன்றைக்குக் குழந்தைக்கு அவர் தன் தட்டிலிருந்து மீனின் நல்ல துண்டைப் பிட்டு முள் எடுத்து ஊட்டினார், ஊட்டும்போது அவளைப் பார்க்கவில்லை. பிறகு வெளியே போனார்.

விளக்கு வைத்து வெகுநேரமில்லை, அந்தச் சத்தம் கேட்டது. சிமென்ட் தரையில் எதையோ இழுத்து, நிறுத்தி, மறுபடி இழுக்கும் சத்தம். நான் குழந்தையின் தலையைப் பார்த்தேன், அது என் மடியில் அசையாமல் இருந்தது. இந்த முறை சத்தம் சந்தில்தான் இருந்தது. நாய்கள் குரைக்கவில்லை, யாரும் குழாயோடு ஓடவில்லை. கதவிடுக்கில் பார்த்தேன். காசிமேட்டிலிருந்து மீன்பெட்டி ஐஸை ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பில் நிரப்பி, இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டு பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள், முன்னால் அண்ணி, பின்னால் என் கணவர், தோளில் ஒரு துண்டோடு.

எங்கள் சந்தில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. பித்தளைத் தாழ்ப்பாள்கள் எல்லாம் ஒவ்வொரு கஷ்டத்தில் ஒவ்வொன்றாகத் தராசுக்குப் போய்விட்டன. எங்களுடையது ஆக்னஸ் பிறந்த அன்று ஆட்டோவுக்குப் போனது. எங்கள் இரட்டைக் கதவில் கதவுக்கொரு இரும்பு வளையம் மட்டும் மிச்சம். கான்வென்ட்டில் தாழ்ப்பாள் இருந்தது, ஆனால் அது வெளிப்பக்கம் இருந்தது, எங்களைத் தூங்கவைத்துவிட்டு சிஸ்டர் போட்டுக்கொண்டு போவார். நான் கதவுகளைச் சேர்த்துச் சாத்தி, அதில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன், கால்களை எதிர்ச் சுவரில் ஊன்றினேன், அவ்வளவு சின்ன வீடு அது. குழந்தையை முழங்கால்களுக்கு நடுவில் திருப்பி உட்காரவைத்து அவள் முடியை மூன்றாகப் பிரித்தேன்.

“பாப்பாக்கு ஜடையா?”

“ஆமாண்டி. ஆடாம உக்காரு.”

டப் வாசலில் வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது, மரியாதையாக, விரல் முட்டியால்.

“மினா, கதவத் தொற. கொழந்தையக் குளிப்பாட்டிட்டுப் போயிட்றோம்.”

“இந்தக் குளிர்லயா அண்ணி?”

“குளிரு இன்னா பண்ணும்? நம்ம புள்ளைங்க எல்லாம் காசிமேட்டு ஐஸுலயே பொறந்து வளந்ததுங்க.” யாரோ சிரித்தார்கள். “தொற, ஐஸு கரையுது.”

நான் பின்னினேன். மங்கிய செம்பு, விறைத்த செம்பு, ஒரு மாதம் ஜுரமில்லாமல் வளர்ந்த செம்பு. ஒவ்வொரு பின்னலையும் போட்டுவிட்டு முறுக்கினேன், அது என் விரல்களோடு சண்டை போட்டது, நகக்கண்ணில் ரத்தம் வந்தது, இன்னும் முறுக்கினேன்.

“யம்மே,” இது டில்லிபாயின் குரல், “தையில எம் பொண்ணுக்குக் கல்யாணம். உனக்குத் தெரியாததா? பந்தலுக்குச் சொல்லிட்டேன். உன் கையப் புடிச்சுக்கினு வந்தனே, அத நெனச்சாச்சும் தொறயேன்.”

“நெனச்சுட்டுதான் இருக்கேன் டில்லிபாய்.”

“நெனச்சா தொறப்பல்ல?”

கதவு முதுகில் லேசாக அழுந்தியது. அடியிலிருந்த இடுக்கு வழியாக ஐஸ் தண்ணீர் உள்ளே வந்து என் பாவாடையை நனைத்தது. மீன் வாசம்.

“மினா.” என் கணவர். கதவுக்கு மிகப் பக்கத்தில், அவர் மூச்சு பலகையில் படுவது தெரிந்தது. “ஒரே ஒரு தடவ. இதுதான் கடைசின்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“போன தடவையும் இதையேதாங்க சொன்னீங்க.”

“போன தடவ லாரி வரலயே,” என்றார், ஏதோ நான் ஒத்துக்கொள்ள வேண்டிய நியாயம் போல. பிறகு குரல் உடைந்து, “எனக்கு மட்டும் வலிக்காதா?” என்றார்.

பின்னி முடித்தேன். கான்வென்ட் யூனிஃபார்மோடு நான் கொண்டுவந்த ஒரே பொருள் ஒரு நீல ரிப்பன், அதை நுனியில் கட்டினேன். சோறு தின்ற தட்டைத் துடைத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தேன். ஆக்னஸ் தட்டில் தன்னைப் பார்த்தாள். தலையை இந்தப் பக்கம் ஆட்டினாள், அந்தப் பக்கம் ஆட்டினாள், ஜடை தோளில் தட்டியது, கையால் பிடித்துப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். வெளியே பேச்சு நின்றது. அந்தச் சிரிப்பை அவர்களும் கேட்டார்கள்.

“சிரிக்குது பாரு,” என்றார் அண்ணி மெதுவாக. அவருடைய கழுத்துக் காந்தம் கதவின் கீலில் டக்கென்று ஒட்டிக்கொண்டது, அதைப் பிய்த்தெடுக்கும் சத்தம் கேட்டது. “சரி, எல்லாம் சேந்து தள்ளுங்க. மெதுவா, கொழந்தைக்குப் பட்றப் போவுது.”

என் கணவரின் கட்டிங் பிளேயர் கைக்கெட்டும் இடத்தில் ஆணியில் தொங்கியது. அந்தச் சந்தில் அவள் தலையில் பிளேயர் வைக்காத கை என் கை ஒன்றுதான். கழுத்தோரத்தில் வைத்து அழுத்தினேன், ஒரே தரத்தில் வெட்டுப்படவில்லை, இரண்டு கையாலும் அழுத்தினேன். முதுகில் கதவு நகர்ந்தது, இடுக்கில் நான்கு விரல்கள் நுழைந்தன, அவை கம்பி சுரண்டிச் சுரண்டி நகம் தேய்ந்த விரல்கள். வெட்டியதும் எழுந்து என் முழு உடம்பாலும் கதவை மோதினேன், விரல்கள் வெளியே பின்வாங்கின, இரண்டு வளையங்களும் நேருக்கு நேர் வந்த அந்தக் கண்ணிமைப்பில் ஜடையை இரண்டுக்குள்ளும் செருகி, நுனியை மடக்கி, முறுக்கினேன், முறுக்கினேன், அது இரும்பைப் போல ஆகும்வரை முறுக்கினேன்.

ஆக்னஸ் தலையைத் தடவிப் பார்த்தாள்.

“ம்மா, ஜடை எங்க?”

“கதவுக்குப் போட்டிருக்கேண்டி செல்லம்.”

அவள் வளையத்தில் தொங்கும் நீல ரிப்பனைப் பார்த்தாள். தன் முடியை எப்போது எடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

“கதவுக்கு ஜுரமா?”

வெளியே எல்லோரும் சேர்ந்து தள்ளினார்கள். பலகை முனகியது, வளையங்கள் முனகின, கூரைத் தகரம்கூட அதிர்ந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவரோரம் போய் நின்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து தாழ் போட்டிருந்தது.